சர்ஜிகல் டெக்கா, எல்.பி.என்.னா? அமெரிக்காவில் ஓராண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு எழும் கேள்வி இது: "ஓராண்டு, ஒன்றரை ஆண்டு படித்தால் மருத்துவத் துறையில் வேலை கிடைக்குமாமே. சர்ஜிகல் டெக் படிக்கலாமா, எல்.பி.என். படிக்கலாமா?" சர்ஜிகல் டெக் என்பவர் அறுவை அறையில் கருவிகளைத் தயார்செய்து மருத்துவருக்கு எடுத்துக் கொடுப்பவர்; எல்.பி.என். ஒரு வகை நர்ஸ். கேட்டவுடன் சம்பளத்தை ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பிரயோசனமில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி இரண்டு வேலைகளின் இடைநிலைச் சம்பளமும் ஆண்டுக்கு 62,000 டாலருக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்க வேண்டியவை வேறு. தினமும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைவீர்கள், அங்கே நாள் முழுக்க உங்கள் கை என்ன செய்யும், அந்தச் சான்றிதழ் அடுத்து எந்தக் கதவைத் திறக்கும்?

முதலில் எல்.பி.என். லைசென்ஸ்ட் பிராக்டிகல் நர்ஸ் என்பதன் சுருக்கம். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதே வேலைக்கு எல்.வி.என். என்று பெயர். நர்ஸ் என்றதும் நம் மனக்கண்ணில் மருத்துவமனை வார்டுதான் வரும். ஆனால் எல்.பி.என்.களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான் மருத்துவமனையில் வேலை செய்கிறார். மூன்றில் ஒருவர் வேலை செய்வது நர்சிங் ஹோம் போன்ற பராமரிப்பு இல்லங்களில். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் கீழே டாக்டர் வீடு, மேலே பத்துப் படுக்கை என்று நடக்கும் சின்ன மருத்துவமனை. அமெரிக்காவில் அது முதியவர்களும் நெடுநாள் நோயாளிகளும் தங்கியிருக்கும் இல்லம். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு கோர்ஸில் சேர்ந்து, முதல் கிளினிக்கல் (நேரடிப் பயிற்சி) நாளில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. மற்ற எல்.பி.என்.கள் டாக்டர் அலுவலகங்களிலும், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஹோம் ஹெல்த் வேலையிலும் இருக்கிறார்கள்.

நர்சிங் ஹோமில் எல்.பி.என்.னின் நாளைத் தீர்மானிப்பது மருந்து வண்டி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பொறுப்பில் 28 பேர். காலை 9 மணி மருந்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாக, அதாவது 8 முதல் 10 மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது பல இல்லங்களின் விதி. 120 நிமிடத்தை 28ஆல் வகுத்தால் ஆளுக்கு நான்கேகால் நிமிடம். அந்த நேரத்துக்குள் கணினியில் மருந்துப் பட்டியலைத் திறந்து, எட்டுப் பத்து மாத்திரைகளை எடுத்து, சிலருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, விழுங்க முடியாதவருக்குப் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்து கொடுத்து, விழுங்கினாரா என்று பார்த்து, பதிவும் செய்ய வேண்டும். நடுவில் போன் அடிக்கும். ஒருவர் கீழே விழுந்திருப்பார். இன்னொருவருடைய மகள் வந்து, அம்மாவுக்கு ஏன் இன்னும் குளிப்பாட்டவில்லை என்று நிற்பார்.

தவறுகள் நடப்பதும் இந்த அவசரத்தில்தான். நேரத்தை மிச்சப்படுத்த ஐந்தாறு பேருடைய மாத்திரைகளை முன்கூட்டியே சின்னக் கிண்ணங்களில் போட்டு வரிசையாக வைப்பது முதல் தவறு. கிண்ணம் மாறினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டாவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையாட்டியதும் மருந்தைக் கொடுத்துவிடுவது. மறதி நோய் உள்ளவர் எந்தப் பெயருக்கும் "ஆமாம்" என்பார். கணினியில் உள்ள புகைப்படத்தையோ கைப்பட்டையையோ பார்த்தே கொடுக்க வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றையும் பொடிப்பது. இதய மருந்தான மெட்டோப்ரோலால் டார்ட்ரேட்டைப் பொடிக்கலாம். மெட்டோப்ரோலால் சக்சினேட் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டது. அதைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போய் இதயத்துடிப்பு விழுந்துவிடும். ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். எழுத்து ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போகும். இன்னொன்று இன்சுலின். வேகமாக வேலை செய்யும் இன்சுலினை 7 மணிக்குப் போட்டுவிட்டீர்கள், சமையலறையிலிருந்து காலைச் சாப்பாடு வரவோ 8 மணி. இடையில் சர்க்கரை சரிந்து ஆள் வியர்த்துக் கிடப்பார். தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி போடுவது என்று பழகிக்கொண்டால் இந்த ஆபத்து இல்லை.

ஷிஃப்ட் மாறும்போது போதைப்பொருள் வகை மருந்துகளை எண்ண வேண்டும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று, ஒருவர் பதிவேட்டைப் படிக்க, மற்றவர் அட்டையில் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிச் சொல்வார். கணக்கு முடியும்வரை சாவியை வாங்கக் கூடாது. "நேரமாச்சு, நீங்க எண்ணிக்குங்க" என்று சிரித்தபடி சாவியை நீட்டினாலும் வாங்கக் கூடாது. வாங்கிய நொடியில் குறையும் மாத்திரை உங்களுடையது. நர்சிங் போர்டு விசாரணை வந்தால் உரிமமே போகலாம்.

பொறுப்பு இவ்வளவு இருந்தாலும் சட்டப்படி அதிகாரம் குறைவு. நோயாளியை முதன்முதலாக முழுமையாக மதிப்பிடுவதும் பராமரிப்புத் திட்டம் போடுவதும் அடுத்த நிலை நர்ஸான ஆர்.என்.னின் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) வேலை. ரத்தநாளம் வழியாக (ஐ.வி.) எந்த மருந்தை எல்.பி.என். கொடுக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆனால் கூட்டாட்சி விதிப்படி நர்சிங் ஹோமில் ஆர்.என். ஒருவர் நாளுக்குத் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் இருந்தால் போதும். ஆர்.என்.னோ எல்.பி.என்.னோ, உரிமம் பெற்ற நர்ஸ் ஒருவர்தான் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். ஆகவே பல இல்லங்களில் இரவு 2 மணிக்குக் கட்டடத்தில் இருக்கும் ஆக மூத்த நர்ஸ் நேற்றுத் தேர்வு பாஸான எல்.பி.என்.னாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறார். டாக்டரை எழுப்ப வேண்டுமா, 911ஐக் கூப்பிட வேண்டுமா என்று முதலில் யோசிக்க வேண்டியவர் நீங்கள். இது பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

சர்ஜிகல் டெக்கின் உலகம் இதற்கு நேர் எதிர். பத்தில் ஏழு பேர் மருத்துவமனையில்தான் வேலை செய்கிறார்கள். மற்றவர்களில் பலர் அன்றே வீட்டுக்கு அனுப்பும் அறுவை மையங்களில். ஒரு நேரத்தில் ஒரே நோயாளி. அவரும் மயக்கத்தில் இருப்பார். உறவினர் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பேச்சு குறைவு, ஒழுங்கு அதிகம்.

முதல் அறுவை காலை 7:30 என்றால் நீங்கள் 6:45க்குள் உடை மாற்றி நிற்க வேண்டும். அந்த அறுவை மருத்துவருக்கு என்ன நூல், எந்த அளவு கையுறை, என்னென்ன கருவி என்று எழுதிய விருப்ப அட்டையை வைத்துப் பொருள்களைச் சரிபார்ப்பீர்கள். அட்டை பழசாக இருப்பதுதான் இங்கே அன்றாடத் தலைவலி: இரண்டு வருடம் முன்பு மாற்றிய நூலை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். கருவிப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கிருமிநீக்கக் காட்டி நிறம் மாறியிருக்கிறதா, துணி ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பெட்டி முழுவதும் திரும்பிப் போகும். ஈரம் வழியே கிருமி உள்ளே வரும்.

கை கழுவி, கவுன் அணிந்த பிறகு உங்கள் உடம்பிலேயே எல்லைக்கோடுகள் உண்டு. மார்பிலிருந்து மேசை மட்டம் வரை முன்பக்கம் மட்டும் சுத்தம். கைகளில் முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலிருந்து விரல்வரை. முதுகு எப்போதும் அசுத்தக் கணக்கு. மேசையில் மேற்பரப்பு மட்டுமே சுத்தம். விளிம்புக்குக் கீழே தொங்கும் துணி அசுத்தம். கை எங்காவது பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே பட்டதாகத்தான் கணக்கு. யாரும் பார்க்கவில்லை, மருத்துவர் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார், இருந்தாலும் "என் கையுறை பட்டுவிட்டது" என்று சொல்லி மாற்றிக்கொள்கிறவர்தான் இந்த வேலைக்கு ஆள். வெட்கப்பட்டு மறைக்கும் சுபாவம் இருந்தால் தயவுசெய்து வேறு படிப்புக்குப் போங்கள்.

எண்ணிக்கைதான் வேலையின் முதுகெலும்பு. வயிற்றுக்குள் வைக்கும் பெரிய துணிப்பஞ்சு ஒரு கட்டில் 5. சின்னப் பஞ்சு ஒரு கட்டில் 10. ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரியும் இழை உண்டு. வெட்டுவதற்கு முன் சுற்றுப்பணி ஆர்.என்.னுடன் (கவுன் அணியாமல் அறையைக் கவனிக்கும் நர்ஸ்) சேர்ந்து, இருவர் கண்ணும் பார்க்க, வாய்விட்டு எண்ண வேண்டும். கட்டைப் பிரித்தால் 10க்குப் பதில் 9 இருக்கிறதா? "ஒன்பது" என்று எழுதிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. அந்தக் கட்டையே களத்திலிருந்து (கிருமியற்ற பகுதியிலிருந்து) நீக்கி ஒதுக்கி வைக்க வேண்டும். நடுவில் புதுக் கட்டு பிரித்தால் எண்ண வேண்டும். உடற்குழியை மூடும்போது, தோலை மூடும்போது, உங்களுக்குப் பதில் வேறொருவர் வந்து நிற்கும்போது எனத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். கணக்கு இடித்தால் உடனே உரக்கச் சொல்ல வேண்டும். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் தையல் நிற்கும். காயம், விரிப்பு, தரை, குப்பை எல்லாவற்றிலும் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. இதனால்தான் அறுவை முடியும்வரை குப்பைப் பையை அறையை விட்டு வெளியே விடுவதில்லை.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் சில இடங்கள். பிளேடைக் கைப்பிடியில் ஊசிப்பிடியால் பிடித்தே மாட்ட வேண்டும், விரலால் ஒருபோதும் கூடாது. வளைந்த ஊசியை நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நூல் சேரும் இடத்திலேயே பிடித்தால் ஊசி வளையும், உடையும். மருத்துவர் இடதுகைக்காரரா என்று முன்னாலேயே கேட்டு ஊசியைத் திருப்பி மாட்டுங்கள். மேசையில் உப்புநீர், மரப்பு மருந்து, ரத்தம் உறையாமலிருக்கும் ஹெப்பரின் மருந்து கலந்த நீர் மூன்றும் தண்ணீர் போலவே இருக்கும். கிண்ணத்தில் ஊற்றிய கையோடு பெயரும் அளவும் எழுதி ஒட்டாவிட்டால், எது எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பெயரில்லாத கிண்ணத்தை அப்படியே அப்புறப்படுத்த வேண்டியதுதான். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி என்று ஆரம்பித்தாலும், ரத்தக்குழாய் ஒன்று அறுபட்டால் இரண்டு நிமிடத்தில் வயிற்றைத் திறக்க நேரும். திறந்த அறுவைக்கான பெட்டி அறைக்குள்ளேயே இல்லையென்றால் அந்த இரண்டு நிமிடம் மிக நீளம்.

உடம்புக்கு இது சுலபமான வேலை அல்ல. நான்கைந்து மணி நேரம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அறை 20 முதல் 24 டிகிரிக் குளிரில். எலும்பு அறுவையில் எக்ஸ்ரே தடுப்பு ஈய உடுப்பு தோளில் தொங்கும். கருவிப் பெட்டி ஒன்றுக்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. அந்த 11 கிலோவை ஒரு நாளில் எத்தனை முறை தூக்குவீர்கள் என்று எந்த நெறியும் சொல்வதில்லை. முதல் வாரங்களில் மயக்கம் வருவது சகஜம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், தலை சுற்றினால் வாய்விட்டுச் சொல்லிக் களத்தை விட்டுப் பின்வாங்கி உட்காருங்கள். நகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: மோதிரம், வளையல், கடிகாரம் கட்டாயம் கழற்ற வேண்டும், ஒட்டு நகம் கூடவே கூடாது. தாலிச் சங்கிலியை உடைக்குள் அடக்கி வைக்கச் சில இடங்களில் அனுமதிப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். கிளினிக்கல் தொடங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனை சர்ஜிகல் டெக்குக்கு ஆன்-கால் முறை உண்டு. போன் வந்தால் பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இரவு 2 மணியானாலும். துணைவர் ஊரில் இல்லாத நாளில் குழந்தைகளை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றே அனுப்பும் அறுவை மையங்களில் பொதுவாக இரவும் இல்லை, ஆன்-காலும் இல்லை. ஆனால் அவர்கள் அனுபவம் உள்ளவரையே தேடுவார்கள். எல்.பி.என்.னுக்கு ஆன்-கால் அரிது. பதிலாக வார இறுதி, பண்டிகை நாள் ஷிஃப்ட் முறை வரும். தீபாவளிக்கு விடுப்பு கேட்டால் கிறிஸ்துமஸுக்கு வேலை பார்க்க ஒப்புக்கொள்ளுங்கள், பேரம் படிந்துவிடும்.

இப்போது காகித விஷயம். எல்.பி.என். என்பது மாநிலம் தரும் உரிமம். போர்டு அங்கீகரித்த படிப்பை முடித்து என்கிளெக்ஸ்-பிஎன் (NCLEX-PN) தேர்வு எழுத வேண்டும். கணினி, உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 85இல் நின்றுவிட்டால் தோல்வி என்று அர்த்தமில்லை. உங்கள் தரம் தேர்ச்சிக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திவிடும், அவ்வளவே. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்த உரிம ஒப்பந்தத்தில் உங்கள் மாநிலம் இருந்தால், வேலை மாற்றத்துக்காக வீட்டுக்காரரோடு ஊர் மாறும்போதும் சிக்கல் குறைவு. கலிபோர்னியா அதில் இல்லை.

சர்ஜிகல் டெக் பெறுவது உரிமம் அல்ல, சி.எஸ்.டி. (சர்ட்டிஃபைட் சர்ஜிகல் டெக்னாலஜிஸ்ட்) என்ற தேசியச் சான்றிதழ். பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைகள் கேட்கும். நியூயார்க், நியூ ஜெர்சி, டெக்சாஸ் போன்றவை சட்டமே இயற்றியிருக்கின்றன. தேர்வில் 175 கேள்விகள், அவற்றில் 150க்கே மதிப்பெண். இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. கேஹெப் (CAAHEP) அல்லது ஏபெஸ் (ABHES) என்ற அமைப்பின் அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்தால் அந்தத் தேர்வை எழுதவே முடியாது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும். விளம்பரத்தை நம்பாமல் அந்த அமைப்புகளின் இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். படிப்பில் குறைந்தது 120 அறுவைகளில் நின்றிருக்க வேண்டும். அவற்றில் 80இல் முதல் ஆளாக, அதாவது கருவி கொடுக்கும் முதன்மைப் பொறுப்பில். கல்லூரிக்குப் போதுமான மருத்துவமனை இடங்கள் இல்லையென்றால் இந்த எண்ணிக்கை நிறையாமல் படிப்பு மாதக்கணக்கில் இழுக்கும். "சென்ற வகுப்பில் எத்தனை பேர் குறித்த தேதியில் முடித்தார்கள்?" என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். எல்.பி.என். பள்ளிக்கு, முதல் முறையே தேர்வில் வென்றவர்களின் சதவீதத்தை மாநில போர்டுகள் வெளியிடுகின்றன, அதைப் பாருங்கள்.

அடுத்த படி எங்கே என்பதில்தான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. எல்.பி.என்.னிலிருந்து ஆர்.என். ஆக இணைப்புப் படிப்புகள் உண்டு. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடிக்கலாம். சர்ஜிகல் டெக் மேலே போனால் அறுவையில் நேரடியாகக் கைகொடுக்கும் ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட் ஆகலாம், ஆர்.என். ஆக நினைத்தால் நர்சிங் பாடங்களை அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்.என். ஆவதுதான் நோக்கம் என்று இப்போதே தெரிந்தால், என் கருத்தில் எல்.பி.என். சுற்றுவழி. சமூகக் கல்லூரியின் இரண்டாண்டு நர்சிங் படிப்புக்கு நேரே விண்ணப்பியுங்கள். அதற்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம், நடுவில் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் எல்.பி.என். நல்ல படிக்கட்டு. முடிவு வரவில்லையா? உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்த பாடத்தைச் சமூகக் கல்லூரியில் ஒரு பருவம் படித்துப் பாருங்கள். இரண்டு வழிக்கும் அது உதவும். ஆனால் பல நர்சிங் படிப்புகள் ஐந்தாண்டுக்கு மேல் பழைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்தவர்கள் எல்.பி.என். பக்கமே போக வேண்டாம். சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி நேராக ஆர்.என். தேர்வு எழுதுவதுதான் உங்கள் வழி. ஊரில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன் படித்தவர்களுக்குத்தான் வருத்தமான செய்தி: சி.எஸ்.டி. எழுத இங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை மறுபடி முடிக்க வேண்டும். விசா பற்றி ஒரு வரி. எச்-4இல் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) படிக்கலாம், வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. சில மாநில போர்டுகள் உரிமத்துக்கே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். பச்சை அட்டைக்கு ஆர்.என்.களுக்கு இருக்கும் தனிச் சலுகைப் பட்டியலில் இந்த இரண்டு வேலைகளும் இல்லை.

எந்தப் படிப்பானாலும் கிளினிக்கலுக்கு முன் தடுப்பூசிப் பட்டியல் ஒன்று நீட்டுவார்கள். நம்மில் பெரும்பாலோருக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பதால், காசநோய்க்கான தோல் சோதனை வீங்கி, நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். முதலிலேயே க்வான்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் ஊரில் போட்ட ஊசிக்குக் காகிதம் இல்லையென்றால் எதிர்ப்புச்சக்தி ரத்தச் சோதனை போதும். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று ஊசி முறையில் முடிய ஆறு மாதம் ஆகும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் பிப்ரவரியிலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.